ஒரே நிலம், ஒரே உரம்: பாப்கார்ன் ஏன் பாதிதான் விளைந்தது?

கேள்வி: சென்ற பருவத்தில் அரை ஏக்கரில் வீரிய ஒட்டு மக்காச்சோளமும், அதை ஒட்டிய அரை ஏக்கரில் பாப்கார்ன் சோளமும் விதைத்தேன். உரம், தண்ணீர், களை எடுப்பு எல்லாம் ஒன்றுதான். ஒட்டுரகம் 1,500 கிலோ வந்தது. கதிர் அடித்த அன்றே எடை போட்டேன், அப்போது ஈரப்பதம் 22 சதவீதம். பாப்கார்ன் நன்றாகக் காய்ந்து 14 சதவீத ஈரத்தில் 720 கிலோதான் இருந்தது. பொரித்துப் பார்த்தால் நிறைய மணிகள் பொரியவும் இல்லை. வீட்டில் பல காலமாக விதை எடுத்துவரும் பழைய கெட்டி மணி ரகம் இவை இரண்டையும்விடக் குறைவாகத்தான் விளையும். விதைதான் சரியில்லையா? இந்த முறை எதை விதைக்கலாம்? ஒட்டுரகத்திலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம் நண்பரே. இரண்டு பக்கமும் எடை போட்டு, ஈரப்பதத்தையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். பலர் செய்யாத வேலை இது. அதனால்தான் உங்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. முதலில் ஒன்று: விதையில் குறை இல்லை. பாப்கார்ன் அதன் இயல்புக்கு ஏற்றபடிதான் விளைந்திருக்கிறது.

முதலில் எடையைச் சமன் செய்துகொள்வோம். ஒட்டுரகத்தின் 1,500 கிலோவில் 22 சதவீதம் தண்ணீர். காய்ந்த பொருள் 78 சதவீதம், அதாவது 1,170 கிலோ. அதையே 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் (1,170-ஐ 0.86-ஆல் வகுக்க வேண்டும்) ஏறத்தாழ 1,360 கிலோ வரும். ஆக, உண்மையான ஒப்பீடு 1,360-க்கு 720. ஏக்கர் கணக்கில் 2,720-க்கு 1,440. எந்த இரண்டு ரகங்களை ஒப்பிட்டாலும் இந்தத் திருத்தத்தைச் செய்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் "எனக்கு இத்தனை மூட்டை" என்று சொல்லிக்கொள்ளும் பேச்சில் பாதி குழப்பம் ஈரத்தால் வருவதுதான்.

சரி, மீதி வித்தியாசம் எங்கே போனது? மக்காச்சோள மகசூல் ஒரு பெருக்கல் கணக்கு. ஏக்கரில் நிற்கும் செடிகள், செடிக்கு எத்தனை கதிர், கதிரில் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை மணி, ஒரு மணியின் எடை. இந்த ஐந்தையும் பெருக்கினால் விளைச்சல். ஏக்கருக்கு 23,000 செடிகள், செடிக்கு ஒரு கதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுரகத்தில் 14 வரிசை, வரிசைக்கு 30 மணி, ஆக 420 மணி. ஆயிரம் மணியின் எடை 280 கிராம் என்றால் கதிருக்கு 118 கிராம், ஏக்கருக்கு 2,700 கிலோவைத் தொடும். பாப்கார்னில் அதே 14 வரிசையோடு வரிசைக்கு 32 மணி, மொத்தம் 448. எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் ஆயிரம் மணியின் எடை 140 கிராம்தான். கதிருக்கு 63 கிராம், ஏக்கருக்கு 1,440 கிலோ. உங்கள் வயலில் கிடைத்த கணக்கு இதேதான். மணி குறைந்து விளைச்சல் விழவில்லை. மணி சிறுத்ததால் விழுந்தது. வீட்டிலேயே இரண்டு ரகத்திலும் நூறு நூறு மணி எண்ணி நிறுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மணி சிறியதாக இருப்பது பாப்கார்னுக்குக் குறையே அல்ல. வெளித்தோல் தடிப்பாகவும், உள்ளே மாவுப்பொருள் கண்ணாடிபோல் கெட்டியாகவும் இருந்தால்தான் சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அழுத்தம் ஏறும். சுமார் 180 டிகிரி செல்சியஸில் தோல் வெடித்து மணி பொரியும். மணி பெருக்கப் பெருக்க உள்ளே மாவுத்தன்மை கூடும், பொரிவு குறையும். பாப்கார்ன் ரகங்களை உருவாக்குபவர்களுக்கு இது தீராத இழுபறி: விளைச்சலைக் கூட்டினால் பொரிவு கெடுகிறது, பொரிவைக் காத்தால் விளைச்சல் ஏறுவதில்லை. அதனால் பாப்கார்னை கிலோ கணக்கில் மட்டும் எடை போடாதீர்கள். எத்தனை மடங்கு பொரிகிறது என்பதுதான் அதை வாங்குபவர் பார்ப்பது.

உங்கள் மணிகள் பொரியாததற்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். முதலாவது ஈரம். எடை போட்டபோது 14 சதவீதம் இருந்தது சரியான அளவு. அதற்குப் பிறகும் வெயிலில் கிடந்து 10, 11 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் ஆவிக்கு வேண்டிய தண்ணீரே உள்ளே இருக்காது. கடும் வெயிலில் காய்ந்த மணியில் தோல் மயிரிழை அளவுக்குக் கீறல் விட்டுவிடும். அது பிறகு எப்படியும் பொரியாது, அழுத்தம் கசிந்துவிடும். கீறல் இல்லாத மணி என்றால் சரிசெய்யலாம்: 11 சதவீத ஈரத்தில் இருக்கும் ஒரு கிலோ மணிக்கு 35 மில்லி தண்ணீர் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி, தினம் ஓரிரு முறை குலுக்கி, சில நாள் வைத்திருந்து பொரித்துப் பாருங்கள். அடுத்த முறை கதிராகவே நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள்.

இரண்டாவது, அண்டை வயல் மகரந்தம். மக்காச்சோளத்தில் தந்தையின் குணம் அந்த ஆண்டு மணியிலேயே வெளிப்படும். ஒட்டுரகத்தின் மகரந்தம் பாப்கார்ன் பட்டு இழையில் (கதிர் நுனியில் தொங்கும் மெல்லிய நூல்) விழுந்து கருவுற்றால், அந்த மணி மாவு கூடி, பொரியாத மணியாகிவிடும். வேற்று மகரந்தத்தை ஏற்காத குணத்தோடு வளர்த்தெடுத்த பாப்கார்ன் ரகங்களும் இருக்கின்றன. விதை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல இடைவெளி விடுங்கள், அல்லது இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காதபடி விதைப்பைக் குறைந்தது 3 வாரமாவது தள்ளிவையுங்கள்.

மற்ற வகைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தேர்வு செய்ய உதவும். மணியின் தலையில் குழி விழும் வகைதான் உலகில் அதிக தானியம் தருவது. மணியின் பக்கங்களில் கெட்டி மாவும், நடுவில் மென்மையான மாவும் இருக்கும். காயும்போது நடுப்பகுதி சுருங்குவதால் குழி விழுகிறது. மணி நீளம், ஆழம் அதிகம். தழைப் பருவமும் மணி நிரம்பும் காலமும் பொதுவாக நீளம். அதனால்தான் எடை. உங்கள் வீட்டு விதைபோல் தலை உருண்டு பளபளக்கும் கெட்டி மணி வகை, லிட்டருக்கு எடை கூடுதலாக நிற்கும்; சேமிப்பில் வண்டு அவ்வளவு சீக்கிரம் துளைக்காது; குளிரிலும் சீக்கிரம் முளைக்கும். ஆனால் கதிர் மெலிந்தது, வரிசை குறைவு, விரைவில் முதிர்ந்துவிடும். ஏக்கர் கணக்கில் குழிமணி வகையிடம் அது தோற்கும்.

இந்த இரண்டையும் கலந்ததில்தான் இன்றைய உயர் விளைச்சல் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் வடக்கின் கெட்டிமணி வகையும் தெற்கின் குழிமணி வகையும் கலந்து உருவான சோளம்தான் அங்கே பெருவாரியாகப் பரவியது. ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் இன்றும் ஒரு பெற்றோர் கெட்டிமணி, மற்றது குழிமணி என்று வைத்து ஒட்டுரகம் தயாரிக்கிறார்கள். ஆகவே உங்கள் பழைய ரகத்தைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். விளைச்சல் குறைவானாலும், அதில் இருக்கும் குணங்கள் மதிப்புள்ளவை.

இனிப்புச் சோளத்தை தானியக் கணக்கில் பார்க்கவே கூடாது. சர்க்கரை மாவாக மாறுவதைத் தடுக்கும் மரபணுக் குறைபாடுதான் அதன் இனிப்பு. மணியில் மாவு அதிகம் சேராது; முற்றவிட்டால் காய்ந்து சுருங்கிப்போகும். பட்டு வந்து 20 நாள் வாக்கில் பச்சையாகப் பறித்து விற்கும் பயிர் அது. பேபி கார்ன் இன்னும் முன்னால், கருவுறுவதற்கு முன்பே பறிப்பது. அதில் மணியே கிடையாது. முழுக்க மென்மாவு கொண்ட வகை அரைக்க எளிது, ஆனால் மணி இலேசாக இருக்கும், வண்டுக்குக் கொண்டாட்டம். மெழுகு வகையின் மாவில் கிட்டத்தட்ட எல்லாமே அமைலோபெக்டின் என்ற ஒரு வகை மாவுப்பொருள்தான். விளைச்சல் சாதாரண ஒட்டுரகத்தைவிடச் சற்றுக் குறைவு, ஆலைக்காரர்களோடு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

புரதச் சோளம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 1964-ல், மக்காச்சோளத்தில் இயற்கையாகத் தோன்றிய ஒபேக்-2 என்ற மரபணுப் பிறழ்வு லைசின், டிரிப்டோபன் என்ற இரண்டு அமினோ அமிலங்களைக் கூட்டுகிறது என்று அறிவியலாளர்கள் கண்டார்கள். பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் மணி சுண்ணாம்புபோல் மென்மையாகி, எடை குறைந்து, விளைச்சலும் விழுந்தது, விவசாயிகள் ஏற்கவில்லை. மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும் பல ஆண்டுகள் உழைத்து, புரதத்தை விடாமல் மணியைக் கெட்டியாக்கிய பிறகுதான் அது வயலுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இருவருக்கும் கிடைத்தது. எவ்வளவு சத்து என்றாலும், விளைச்சலை விட்டுக்கொடுத்து எந்த விவசாயியும் ஏற்கமாட்டார் என்பதை அந்தப் பயிர் காட்டியது. அதில் தவறே இல்லை.

இப்போது ஒட்டுரகத்தில் விதை எடுப்பது. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன், காரணத்தோடு. ஒட்டுரகத்தின் பெற்றோர் பல தலைமுறை தன்மகரந்தத்தில் வளர்ந்த மெலிந்த செடிகள். ஏக்கருக்கு 900 கிலோகூடத் தேறாதவையாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்த முதல் தலைமுறையில் வீரியம் பொங்கி 2,700 கிலோ வருகிறது. அந்த மணியை மறுபடி விதைத்தால், இரு பெற்றோர் ஒட்டுரகத்தில் கூடுதலாக வந்த வீரியத்தில் பாதி போய்விடும். கூடுதல் 1,800 கிலோ. அதில் பாதி போனால் 900 கிலோ இழப்பு. ஒரு ஏக்கருக்கு விதை வாங்கும் செலவையும் 900 கிலோ மணியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு உயரம், பூக்கும் நாள் எல்லாம் ஏறுமாறாகி, வயலே சீரற்றுப்போகும். நான்கு பெற்றோர் ஒட்டில் இழப்பு கொஞ்சம் குறைவு. உங்கள் வீட்டு விதைபோல் வயலில் தானாகக் கருவுறும் திறந்த மகரந்த ரகத்தில் இந்த இழப்பே இல்லை. பல நூறு செடியிலிருந்து நல்ல கதிர்களை, ஓரத்தை விட்டு வயலின் நடுவிலிருந்து எடுத்தால் ஆண்டுதோறும் விதை வைத்துக்கொள்ளலாம்.

இந்த வீரியம் எவ்வளவு பெரிது என்றால், அமெரிக்காவில் 1930-கள் வரை சுமார் 70 ஆண்டுகள் ஏக்கருக்கு 650 கிலோ அளவிலேயே நின்ற விளைச்சல், ஒட்டுரகங்கள் வந்த பின் ஏறத் தொடங்கி இன்று 4,400 கிலோவைத் தாண்டுகிறது. ரகம் மட்டுமல்ல, தழைச்சத்து உரமும் இயந்திரமும் அதில் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தனியாக நிற்கும் ஒரு செடியின் விளைச்சல் அவ்வளவாக உயரவில்லை. நெருக்கமாக நட்டாலும் ஒவ்வொரு செடியும் கதிர் பிடிக்கும் தாங்குதிறன்தான் உயர்ந்தது. உங்கள் பழைய ரகத்தை ஒட்டுரகத்துக்குச் சொன்ன 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் பல செடிகள் கதிரே போடாது, உயரமாகி சாயும். அதற்கு 75-க்கு 30 கொடுத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 18,000 செடிதான் நிற்கும், விளைச்சல் கூடும்.

எந்த ரகமானாலும் அதன் முழு விளைச்சல் கிடைப்பது ஆண் பூ விரிவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பட்டு வந்த மூன்று வாரம் வரையிலான காலத்தில் முடிவாகிறது. அப்போது தண்ணீர் தட்டினால் ஆண் பூ நேரத்துக்கு விரிந்துவிடும், பட்டு தாமதமாகும். மகரந்தம் தீர்ந்த பிறகு வரும் பட்டுக்குப் பயன் இல்லை, கதிர் நுனி மொட்டையாகும். இதை அறுவடை வரை காத்திருக்காமலே பார்க்கலாம். பட்டு வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு கதிரைப் பறித்து, உறையை மெதுவாகக் கத்தியால் கீறிப் பிரித்து, காம்பைப் பிடித்து இலேசாகக் குலுக்குங்கள். கருவுற்ற மணியின் பட்டு இழை தானாக உதிர்ந்துவிடும். கருவுறாததன் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வயலில் ஐந்தாறு இடத்தில் இப்படிப் பார்த்தாலே, எத்தனை மணி பிடித்திருக்கிறது என்று கண்ணால் தெரியும்.

உங்களுக்கு என் பரிந்துரை: பூக்கும் அந்த ஐந்து வாரமும் தண்ணீர் உறுதி என்றால், தானியத்துக்கு நீண்ட நாள் குழிமணி ஒட்டுரகம் விதையுங்கள். தண்ணீர் சந்தேகம் என்றால் 90 நாள் வாக்கில் முடியும் ஒட்டுரகம். உச்ச விளைச்சல் குறையும், ஆனால் வறட்சிக்கு முன்பே மணி நிரம்பிவிடும். பாப்கார்ன் போடுவதானால், வாங்குபவர் தரும் விலை சாதாரண மணியின் விலையைப்போல் இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று முதலில் பேசி முடியுங்கள். உங்கள் வயல் கணக்குப்படி அது 1.9 மடங்குக்குக் கீழே போனால் நஷ்டம். பழைய ரகத்தை மற்ற இரண்டின் பூ முடிந்த பிறகு பூக்கும்படி தனித் துண்டில், ஒரே நீள வரிசையாக இல்லாமல் நான்கைந்து வரிசை கொண்ட சதுரமாக விதையுங்கள். அப்போதுதான் அதன் மகரந்தம் அதற்கே போதும், விதையும் கலப்படமில்லாமல் இருக்கும்.