லோபெங்குலா பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: லோபெங்குலா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இன்றைய ஜிம்பாப்வேயின் மேற்குப் பகுதியில், புலவாயோவைத் தலைநகராக வைத்து ஆண்ட இண்டெபெலே இனத்தாரின் இரண்டாம் மன்னர். கடைசி மன்னரும் அவரே. தந்தை ம்சிலிகாசி 1868-ல் இறந்தார், மகன் 1870-ல் பட்டமேறினார்.

கேள்வி: வீட்டுச் சுவரில் வண்ண வண்ணமாக வரைவார்களே, அந்த இண்டெபெலேயா?

இல்லை. அவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள். பெயர்தான் ஒன்று.

கேள்வி: ஆயிரம் துப்பாக்கிக்கு நாட்டையே விற்றுவிட்டாராமே?

இந்த 'விற்றுவிட்டார்' என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள். 1888 அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் ஆளான சார்லஸ் ரட் நீட்டிய தாளில் மன்னர் அடையாளம் இட்டார். மாதம் 100 பவுண்டு, 1,000 மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி, ஒரு லட்சம் தோட்டா, சாம்பேசி ஆற்றில் ஓட ஒரு பீரங்கிப் படகு: இதெல்லாம் தருவதாக எழுதியிருந்தது. பதிலுக்கு அவர் கொடுத்தது கனிமம் தோண்டும் உரிமை. ஆனால் தோண்டி எடுக்க 'தேவை என்று அவர்கள் கருதும் எல்லாவற்றையும்' செய்யலாம் என்றொரு வாசகம் உள்ளே இருந்தது. வில்லங்கம் அங்கேதான்.

வாய்மொழியாகச் சொன்னது வேறு. மொழிபெயர்த்த பாதிரியார் ஹெல்ம் என்பவரே எழுதி வைத்திருக்கிறார்: பத்து வெள்ளையருக்கு மேல் வரமாட்டோம், ஊர்களுக்குப் பக்கத்தில் தோண்டமாட்டோம், நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்றார்களாம். அதில் ஒன்றுகூடத் தாளில் ஏறவில்லை.

கேள்வி: படிக்கத் தெரியாதவர் அடையாளம் வைத்தால் தப்பு யாருடையது? தாளில் இருப்பதுதானே செல்லும்?

சரி, தாளையே பார்ப்போம். அதில் நிலம் எங்கே இருக்கிறது? ஆனாலும் 1890-ல் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் ஆட்கள், கிழக்கே இருக்கும் மஷோனாலாந்துக்குள் போய்க் கோட்டை கட்டிக் குடியேறினார்கள். நில உரிமை என்ற ஒன்றை லிப்பர்ட் என்பவர் 1891-ல் தான் மன்னரிடம் வாங்கினார். ரோட்ஸுக்கு எதிராளி என்று நம்பித்தான் மன்னர் கொடுத்தார். லிப்பர்ட் அதைக் கம்பெனிக்கே விற்றுவிட்டுப் போனார்.

கேள்வி: அப்படியென்றால் மன்னர் ஏமாளிதானே?

ஏமாளி தன் இரண்டு இந்துனாக்களை, அதாவது தலைவர்களை, லண்டனுக்கு அனுப்பி ராணியையே பார்க்க வைப்பாரா? 1889-ல் அவர்கள் விக்டோரியாவைப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தை மன்னர் மறுத்து எழுதினார். ஒப்பந்தத்துக்கு ஆதரவாகப் பேசிய லோட்ஷே என்ற இந்துனாவுக்கு மரண தண்டனை கொடுத்தார். அது கொடுமைதான், பூசி மெழுகமாட்டேன். இருந்தும் அந்த ஆண்டு அக்டோபரில் ராணியின் அனுமதியான அரசப் பட்டயம் கம்பெனிக்குக் கிடைத்துவிட்டது. பச்சோந்தி ஈயைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, இங்கிலாந்து பச்சோந்தி, நான் அந்த ஈ என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஏமாளி பேசும் பேச்சா அது?

கேள்வி: அவர் ஒளித்து வைத்ததாகச் சொல்லும் புதையல் எங்கே?

அடுத்த கேள்வி.

கேள்வி: அத்தனை வீரர் இருந்தும் எப்படித் தோற்றார்கள்?

கம்பெனிப் படையிடம் இருந்த மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கி. 1893 அக்டோபர் 25-ல் ஷங்கானி ஆற்றருகே, நவம்பர் 1-ல் பெம்பெசியில். வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவிலிருந்து சுட்டார்கள், நெருங்கவே முடியவில்லை. மன்னர் தலைநகருக்குத் தீ வைக்கச் சொல்லிவிட்டு வடக்கே போனார்.

கேள்வி: துப்பாக்கிக்கு நாட்டை விற்றவர் என்று படித்தேனே?

மூன்றாவது பதிலைப் படியுங்கள். பொறுமையாக.

கேள்வி: சமாதானம் பேச அவர் முயன்றதே இல்லையா?

முயன்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு, கூடவே ஒரு பை தங்க நாணயமும் கொடுத்து ஆள் அனுப்பினார். பையை வாங்கிய இரண்டு கம்பெனிப் படைவீரர்கள் காசைப் பங்கிட்டுக்கொண்டு செய்தியை அமுக்கிவிட்டார்கள். துரத்தல் தொடர்ந்தது. ஷங்கானியைக் கடந்து போன கம்பெனிப் படை அதிகாரி ஆலன் வில்சன் உட்பட 34 பேர் டிசம்பர் 4-ல் இண்டெபெலேக்களிடம் சிக்கி மாண்டார்கள். காசை எடுத்த இருவருக்கும் பின்னால் 14 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். மன்னர் 1894 தொடக்கத்தில் வடக்கே இறந்தார். அம்மை என்றும் விஷம் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

கேள்வி: அப்போ அந்தப் பைதான் புதையலா?

இல்லை ஐயா. அதைத்தான் இரண்டு பேர் பங்கிட்டுவிட்டார்களே.