பழகிய வட்டத்தைத் தாண்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: புதிய பொறுப்பு ஒன்று வந்தது; மறுத்துவிட்டேன். உடனே மனம் லேசானது. அப்படியானால் என் முடிவு சரிதானே?

பதில்: அந்த நிம்மதியைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அஞ்சிய ஒன்றைத் தவிர்த்தவுடன் பதற்றம் தணிகிறது. அந்தத் தணிவையே மனம் பரிசாக எடுத்துக்கொள்வதால், அடுத்த முறை இன்னும் விரைவாகத் தவிர்க்கத் தூண்டுகிறது. அந்தப் பொறுப்பு உண்மையில் எவ்வளவு கடினம் என்று அறியும் வாய்ப்பும் போய்விடுவதால், அச்சம் திருத்தப்படாமலே தங்கிவிடுகிறது. உங்கள் மறுப்பு சரியாகவும் இருக்கலாம்; ஆனால் அதற்கு நிம்மதி அல்லாத வேறு காரணம் வேண்டும்.

கேள்வி: பிடிக்காத வேலையைக்கூட விட முடியவில்லையே, ஏன்?

பதில்: ஆதாயத்தைவிட அதே அளவு இழப்பு மனத்தில் கனமாக விழுகிறது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினர். எனவே கையில் இருப்பது அதன் தகுதிக்கு மேல் மதிப்புப் பெறுகிறது. இந்த வேலை உங்களிடம் இல்லாதிருந்து, இன்று புதிதாக அளிக்கப்பட்டால் ஏற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கூட்டத்தில் பேச அஞ்சுகிறேன். ஒரேயடியாகப் பெரிய மேடையில் ஏறிவிடலாமா?

பதில்: சிலருக்கு அது பலிக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன். 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்தபடி, முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். நீங்களும் முதலில் சிறு குழுவில் ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு சில நிமிடங்கள் பேசுங்கள். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: எழுதிய தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், தெரிந்த ஒருவரை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினால், தப்பித்தது அந்தத் துணையால்தான் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். ஆகவே படி ஏற ஏற, துணைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுங்கள்.

கேள்வி: அச்சம் முழுவதும் போன பிறகு தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் அது செய்யச் செய்யத்தான் குறையும்.

கேள்வி: வேலை, வீடு, அன்றாடப் பழக்கங்கள் அனைத்தையும் ஒரே மாதத்தில் மாற்றத் திட்டமிட்டுள்ளேன். சரியா?

பதில்: பாதுகாப்பைப் பகையாகக் கருதுவதும் தவறே. நம்பிக்கைக்குரியவர் அருகில் இருக்கும்போது குழந்தை துணிந்து சுற்றுப்புறத்தை ஆராய்வதை உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் ஆய்வுகள் காட்டின. பெரியவர்களுக்கும் அத்தகைய ஊன்றுதளம் தேவைப்படுகிறது. இப்போதைக்கு வேலையை மட்டும் மாற்றுங்கள். அது நிலைபெறும்வரை வீட்டையும் பழக்கங்களையும் அப்படியே விட்டுவையுங்கள்.