அமெரிக்காவின் தொடக்ககால வெள்ளி நினைவு நாணயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: தொடக்ககால நினைவு நாணயங்கள் என்று எந்த ஆண்டுகளில் வந்தவற்றைச் சொல்கிறார்கள்?

பதில்: 1892 முதல் 1954 வரை வெளிவந்தவற்றைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு, 1982இல்தான் அமெரிக்க அரசு மறுபடியும் நினைவு நாணயம் வெளியிட்டது. வெள்ளியில் மொத்தம் 50 வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று கால் டாலர், ஒன்று ஒரு டாலர், மற்ற 48 வகைகளும் அரை டாலர்கள். அரை டாலரின் எடை 12.5 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு.

கேள்வி: ஐயா, நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பழம்பொருள் கடை ஒன்றில் 1893ஆம் ஆண்டுக் கொலம்பஸ் அரை டாலர் குறைந்த விலைக்குக் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

பதில்: பழமை வேறு, அருமை வேறு. சிகாகோவில் நடந்த உலகக் கொலம்பியக் கண்காட்சிக்கு நிதி திரட்டுவதற்காக இந்த அரை டாலர்களை ஒரு டாலர் விலையில் விற்றார்கள். முதல் நாணயத்துக்கு ரெமிங்டன் தட்டச்சு நிறுவனம் 10,000 டாலர் கொடுத்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் நாணயங்கள் அச்சிடப்பட்டதால் தேவையைவிட இருப்பு பெருகிவிட்டது; ஏறக்குறையப் பாதி உருக்கப்பட்டது, மிஞ்சியவற்றில் பெரும்பகுதி முகமதிப்புக்கே, அதாவது நாணயத்தில் பொறித்த அரை டாலர் மதிப்புக்கே, புழக்கத்துக்குப் போய்க் கைபட்டுத் தேய்ந்தது. ஆகவே தேய்ந்த கொலம்பஸ் எளிதில் கிடைக்கும். அச்சிட்ட நாளின் பொலிவு மாறாத கொலம்பஸைத் தேடிப் பாருங்கள், அப்போது விலை வேறாக இருக்கும்.

கேள்வி: என் நாணயம் கறுத்திருக்கிறது. மெருகுப்பொடி போட்டுத் துலக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கில் நான் கண்ட இழப்புகளிலேயே பெரியது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அச்சு வெள்ளியின் மீது பேரழுத்தத்துடன் விழும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை உண்டாக்குகிறது. நாணயத்தை விளக்கொளியில் சாய்த்துத் திருப்பும்போது சக்கரம்போலச் சுழன்று வரும் ஒளி அந்தக் கோடுகளிலிருந்துதான் பிறக்கிறது. பொடி போட்டுத் தேய்த்தால் அந்தக் கோடுகள் அழிந்து, அவை இருந்த இடத்தில் கீறல்கள் வந்துவிடும், பிறகு எவராலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கறுப்பு என்பது காற்றிலோ காகிதத்திலோ உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மேற்படலம். 1930களில் பல நாணயங்களை அட்டையில் வட்டத் துளையிட்டுப் பொருத்தி விற்றார்கள். அந்த அட்டையின் பிடிப்பு மறைத்திருந்த இடம் வெளுத்தும், மற்ற இடம் பொன்னிறமும் நீலமும் ஏறியும் இருப்பதை இன்றும் பார்க்கலாம். அதை அழுக்கென்று எண்ணித் துடைப்பவர் நாணயத்தின் வரலாற்றையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்.

ஒரே விதிவிலக்கு, பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்து ஒட்டும் பச்சைப் பசை. அது உலோகத்தை அரிக்கும் என்பதால், தூய அசிட்டோனில் நாணயத்தை நனைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்த யுலிசஸ் கிராண்டின் நினைவாக 1922இல் வந்த அரை டாலரில் நட்சத்திரம் உள்ளது ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: சோதித்த பிறகு மட்டுமே வாங்குங்கள். நட்சத்திரம் உள்ளவை சுமார் 5,000 மட்டுமே அச்சிடப்பட்டன. இல்லாதவை அதைப்போல் பல மடங்கு. இந்த விலை வேறுபாட்டைக் கண்ட ஏமாற்றுக்காரர்கள், சாதாரண நாணயத்தில் நட்சத்திரத்தை உளியால் அடித்துப் பதித்திருக்கிறார்கள். அப்படி அடித்தால் பின்புறத்தில் நேர் எதிரான இடம் தட்டையாக நசுங்கும். பூதக்கண்ணாடியால் அந்த இடத்தை முதலில் பாருங்கள். இவ்வகைக்கு மட்டும், நாணயங்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி சான்றளித்து உறையிட்ட நாணயத்தையே வாங்கும்படி சொல்வேன்.

கேள்வி: 1930களில் ஏன் இத்தனை நினைவு நாணயங்கள் வந்தன?

பதில்: அரசு நேரடியாக விற்கவில்லை என்பதே காரணம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றும், நாணயச்சாலை அச்சிடும், ஆனால் ஒரு குழுவோ தனிமனிதரோ முகமதிப்புக்கு வாங்கித் தாம் வைத்த விலைக்கு விற்பார்கள். இதில் மிக வருந்தத்தக்க எடுத்துக்காட்டு 1936ஆம் ஆண்டுச் சின்சினாட்டி நாணயம். அந்த நகரம் இசை மையமாகி ஐம்பது ஆண்டு நிறைந்ததாகச் சொல்லப்பட்டது. ஆனால் 1886இல் அங்கே கொண்டாடத்தக்க நிகழ்ச்சி எதுவும் நடந்ததில்லை, முகப்பில் உள்ள பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரோ 1864இலேயே காலமானவர். மூன்று நாணயச்சாலைகளிலும் தலா 5,000 மட்டுமே அச்சிட்டு, மூன்றும் சேர்ந்த தொகுதியை 7 டாலர் 75 சென்ட்டுக்கு விற்றார்கள். எல்லைப்புற முன்னோடி டேனியல் பூனின் நினைவு நாணயத்தில், 1935இல் சிறிய 1934 என்ற எண்ணைக் கூடுதலாகச் சேர்த்து, டென்வர், சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலைகளில் சுமார் 2,000 வீதம் வெளியிட்டதும் இதே வழிதான். எளிய சேகரிப்பாளர்களின் ஆர்வத்தை இப்படிப் பயன்படுத்திக்கொண்டது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. 1939இல் காங்கிரஸ், பழைய அனுமதிகளின் பேரில் அச்சிட்டுக்கொண்டே போவதைத் தடுத்தது.

கேள்வி: முழுத் தொகுப்பும் என்னால் முடியாது. எனக்கு ஒன்றே ஒன்று போதும். எதைச் சொல்வீர்கள்?

பதில்: பணம் இருந்தால் ஸ்பெயின் அரசி இசபெல்லாவின் உருவம் கொண்ட 1893ஆம் ஆண்டுக் கால் டாலரைச் சொல்லலாம், முன்பு சொன்ன சிகாகோ கண்காட்சியின் பெண்கள் குழு கேட்டுப் பெற்ற நாணயம் அது. அரை டாலர் நாணயத்தின் விலையும் ஒரு டாலர், கால் டாலர் நாணயத்தின் விலையும் ஒரு டாலர் என்றபோது மக்கள் தயங்கியதால், விற்காதவை உருக்கப்பட்டு 24,214 மட்டுமே எஞ்சின.

குறைந்த செலவில் என்றால், தயக்கமின்றி 1946 முதல் 1951 வரை வந்த புக்கர் டி. வாஷிங்டன் அரை டாலரைச் சொல்வேன். அமெரிக்க நாணயத்தை வடிவமைத்த முதல் கறுப்பினக் கலைஞரான ஐசக் ஹாத்தவேயின் படைப்பு அது. அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்தவரின் முகம் முன்புறத்தில் இருக்கிறது. பின்புறத்தில் அவர் பிறந்த குடிசையையும், சிறந்த அமெரிக்கர்களைப் போற்றும் புகழ் மண்டபத்தையும் காட்டி, அடிமைக் குடிசையிலிருந்து புகழ் மண்டபம் வரை என்று பொறித்திருக்கிறார்கள். வாங்கும்போது கன்னமேட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய காயங்கள் அங்கேதான் முதலில் விழுந்திருக்கும்.