அம்மாவிடம் பட்டன் போன்தான். வீடியோ டாக்டர் கிடைப்பாரா?

கேள்வி: ஜவ்வாது மலையில் இருக்கும் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். மாத்திரைக்காக மலையிறங்கினால் அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. செல்போனிலேயே டாக்டரைப் பார்க்கலாம் என்கிறார்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். என்ன செய்யலாம்?

பதில்: ஸ்மார்ட்போன் வாங்க அவசரப்படாதீர்கள். வாங்கினாலும் ஓ.டி.பி.யைப் படித்துத் தட்டுவது யார்?

வீடியோவில் டாக்டரைப் பார்க்க மத்திய அரசு நடத்தும் சேவை இ-சஞ்சீவனி. அதற்கு இரண்டு வாசல்கள். வீட்டிலிருந்தே மொபைல் எண்ணைப் பதிந்து, டோக்கன் வாங்கி டாக்டரிடம் பேசுவது ஒன்று. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் வந்தது. அம்மாவுக்குத் தோதானது மற்றொன்று. ஊர்ப்பக்கத் துணை சுகாதார நிலையத்துப் பணியாளரே டாக்டரை வீடியோவில் அழைத்து, பி.பி. அளவைச் சொல்லி, கூடவே உட்கார்ந்திருப்பார். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கிளம்பும் முன் அந்தப் பணியாளருக்கு ஒரு போன் போட்டு, சிக்னல் இருக்கிறதா, டாக்டர் எத்தனை மணிவரை இருப்பார் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மலையில் இது முக்கியம்.

போகும்போது பழைய சீட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாமே பையில் இருக்கட்டும். 'வெள்ளை மாத்திரை, சின்னது' என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும். திட்டுவாரோ என்று பலர் மறைப்பது இதைத்தான். டாக்டர் அனுப்பும் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதி அது.

மாத்திரை மட்டும்தான் வேண்டுமென்றால் வீடியோவே தேவையில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அம்மாவின் பெயர் பட்டியலில் உண்டா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால், எந்தச் செயலியையும்விட அந்தச் செவிலியரின் போன் எண்தான் உங்களுக்கு உதவும். திருப்பூரிலிருந்தே பேசலாம்.

ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மலையிறங்கத்தான் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் பார்க்க முடியும். விழித்திரைக்கும் சோதனை தேவை. பார்வை நன்றாக இருக்கும்போதே சர்க்கரை அங்கே வேலையைத் தொடங்கியிருக்கும். இதிலும் அலைச்சலைக் குறைக்க வழியுண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, நகரத்திலிருக்கும் டாக்டர் வீடியோவில் ஆலோசனை சொல்கிறார். பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நெஞ்சுவலி, வாய் குழறல், ஒரு பக்கம் கைகால் மரத்துப்போதல் என்றால் வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாது. 108தான். அதற்குப் பட்டன் போனே போதும்.