கதவைச் சாத்திக்கொண்டு ஸ்தோத்திரமா?

கேள்வி: கணவருக்கு வேலை போய் எட்டு மாதம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகை அடகில் இருக்கிறது. தினமும் அதிகாலை 4.30 முதல் 5.10 வரை 1000 ஸ்தோத்திரம் (கர்த்தருக்கு நன்றி சொல்லும் துதி வரிகள்) சொல்கிறேன். முன்பு மனசு லேசாகும். இப்போது வாய் மட்டும்தான் அசைகிறது, நம்பிக்கையே வரவில்லை. மாமியார் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். நான் ஸ்தோத்திரம் ஆரம்பித்தாலே முனகத் தொடங்கிவிடுவார். கவனம் சிதறுவதால் கதவைச் சாத்திக்கொள்வேன். இதைவிட நல்ல ஸ்தோத்திரப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, வேலையும் நகையும் உங்கள் கடிதத்தில் முதலில் வருகின்றன. மாமியார் கடைசியில் வருகிறார், அதுவும் கவனத்தைக் கலைக்கிறவராக. நான் அந்தக் கதவிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

நீங்கள் ஸ்தோத்திரம் "ஆரம்பித்தாலே" முனகுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலக்கை, வலக்காலோடு பேச்சும் போவதுண்டு. ஆனால் அப்படிப் பேச்சிழந்தவர்களில் பலருக்கு, தண்ணீர் என்று கேட்க வராத நாக்கில் சிறுவயதில் பாடிய பாட்டு வார்த்தையோடு வரும். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் இதை வைத்தே பயிற்சி கொடுப்பதும் உண்டு. அத்தைக்கு வலியாக இருக்கலாம், தாகமாக இருக்கலாம். உங்களோடு சேர்ந்து துதிக்கப் பாடுபடுகிறவராகவும் இருக்கலாம். அந்த அம்மாவின் முகத்தில்தான் கதவைச் சாத்துகிறீர்கள்.

ஸ்தோத்திர பலி, அதாவது நன்றிப் பலி, என்கிறோமே, வேதாகமத்தில் லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தில் அதற்கு என்ன சட்டம் என்று பாருங்கள். நேர்ந்துகொண்டு செலுத்தும் பொருத்தனைப் பலியின் இறைச்சியை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை எதையும் மீதி வைக்கக்கூடாது. கூடவே புளிப்பில்லா அப்பங்களும் புளித்த அப்பமும் வேறு. ஒரு மாட்டை எந்தக் குடும்பம் ஒரே நாளில் தனியாகத் தின்று தீர்க்கும்? ஆட்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால், கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று சொல்லியே ஆக வேண்டும். பந்தியில்லாமல் ஸ்தோத்திர பலி இல்லை. எபிரெயர் 13:15 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், ஸ்தோத்திர பலியை உதடுகளின் கனி என்று சொல்லும் வசனம். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். நன்மை செய்வதும் பகிர்ந்துகொடுப்பதும் அங்கே அதே பலிக் கணக்கில்தான் வருகின்றன.

40 நிமிடத்தில் 1000 என்றால் ஒன்றுக்கு இரண்டரை வினாடிகூட இல்லை. அந்த வேகத்தில் எந்த நன்மையும் மனதில் தங்காது. ஐந்து போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஆளும் நாளும் இருக்க வேண்டும்: "நேற்று மகளுக்குப் பஸ் காசு கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்காக ஸ்தோத்திரம்." சொன்னதோடு விடாமல், அன்றைக்கே அந்த ஆளிடமும் போய் நன்றி சொல்லுங்கள்.

இனி 4.30க்கு நேரே அத்தையின் கட்டிலுக்குப் போங்கள். துணி நனைந்திருக்கிறதா பாருங்கள், மாற்றுங்கள். புரட்டிப் படுக்க வையுங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரமாவது புரட்டாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். பிறகு நிமிர்த்தி உட்காரவைத்து, மருத்துவர் சொன்ன பக்குவத்தில் தண்ணீர் கொடுங்கள். படுத்த வாக்கில் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அதன்பின் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, இடக்கையைப் பிடித்து மெல்லத் தாளம் தட்டிக்கொண்டு, அவருக்குப் பழக்கமான ஒரு கீர்த்தனையைத் தாழ்ந்த சுருதியில், நிதானமாகப் பாடுங்கள். ஒவ்வொரு அடியிலும் கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், பத்து வினாடியாவது. பலரும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். மூன்று வினாடி பொறுக்காமல் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அரைகுறையாக வந்தாலும் திருத்தாதீர்கள். போனில் புதுப் பாட்டு போட்டுவிடுவதும் வேண்டாம், அது அவர் நெஞ்சில் ஊறிய பாட்டு அல்ல.

இதையெல்லாம் நீங்கள் ஒருத்தியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எட்டு மாதமாக வீட்டில் இருக்கும் உங்கள் கணவர் 4.30க்கு எங்கே? அவர் உங்கள் கடிதத்தில் அந்த நேரத்தில் இல்லவே இல்லை. பெற்றவர்கள் செய்த நன்மைக்குப் பதில் நன்மை செய்யப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:4. மருமகள் மட்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. புரட்டுவதும் துணி மாற்றுவதும் முதலில் மகனுடைய வேலை. எழுப்புங்கள். மகளுக்கும் முறை போட்டுக் கொடுங்கள். இந்தக் கடனைச் சம்பளம் வந்தபிறகு அடைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

வேலையைப் பற்றி: கிடைத்துவிடும் என்று நான் எழுதித்தர மாட்டேன். 13-ஆம் சங்கீதத்தைக் குடும்பமாக வாசியுங்கள், மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்டுவிடுகிறார். பிறகு மன்றாட்டு. பாட்டு கடைசி வசனத்தில்தான் வருகிறது. நீங்கள் முதல் ஐந்து வசனத்தையும் விழுங்கிவிட்டு ஆறாவதை ஆயிரம் தடவை சொல்கிறீர்கள், வாய் வறளாமல் என்ன செய்யும்? அடகுச் சீட்டையும் கட்டணத் தேதியையும் உள்ளபடி கர்த்தரிடம் சொல்லி, எதுவரைக்கும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல. அத்தை முன்னாலேயே கேளுங்கள். பேச்சுதான் போயிருக்கிறது, அவர் இன்னும் அந்த வீட்டின் பெரியவர்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அத்தையின் பெட்டியில் அவருடைய பழைய கீர்த்தனைப் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், எந்தப் பக்கம் அதிகம் கசங்கியிருக்கிறதோ அந்தப் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.