ஓன்ர்யோ என்று குறித்தும் தப்பாகிறதா? அது மிமிக்

அது மிமிக், அதாவது மற்ற பேய்களைக் காப்பியடிக்கும் பேய். பாஸ்மோஃபோபியா என்ற பேய் கண்டுபிடிக்கும் வீடியோ கேமில் ஸ்பிரிட் பாக்ஸ் (பேயோடு பேசும் கருவி) பதில், உறைகுளிர், கோஸ்ட் ஆர்ப் (மிதக்கும் ஒளிப்புள்ளி) ஆகிய மூன்று தடயங்களும் கிடைத்தும், ஓன்ர்யோ என்ற பேய்வகையைக் குறித்தால் தப்பு என்று வருவதாகக் கேட்டிருந்தீர்கள்.

மிமிக்கின் உண்மையான தடயங்கள் ஸ்பிரிட் பாக்ஸ், உறைகுளிர், கைரேகை. ஆர்ப் அதோடு எப்போதும் வரும் இலவச இணைப்பு. ஆர்பைப் பார்த்ததும் "மூன்று ஆச்சு" என்று தேடலை நிறுத்தியிருப்பீர்கள்.

அடுத்த முறை அங்கே நிறுத்தாமல், கதவோ சுவிட்சோ அசைந்த உடனே புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். கைரேகை கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். ஒரு தடவை தெரிந்தாலே ஓன்ர்யோ இல்லை.

மெழுகுவர்த்தியை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாவது சுடரை அணைத்ததும் வேட்டைக்கு வருவது ஓன்ர்யோ குணம்தான், ஆனால் மிமிக் அதையும் காப்பியடிக்கும்.

இதெல்லாம் விளையாட்டில் மூன்று தடயமும் காட்டும் நிலைகளுக்கு. நைட்மேர் என்ற கடின நிலையில் ஒரு தடயம் மறைந்திருக்கும், ஆர்ப் மட்டும் மிமிக்கிடம் மறையாது. அதனால் அங்கே ஸ்பிரிட் பாக்ஸ், உறைகுளிர், ஆர்ப் மூன்றும் சேர்ந்து வந்தால், கைரேகை தேடாமலே மிமிக் என்று குறித்துவிடலாம்.