கிராண்ட்பா பொடிக்கு மேலே புரூஃபன் தரலாமா?

வணக்கம். கோயில் படியில் அம்மாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, காலையில் ஒரு கிராண்ட்பா வலிப் பொடியும் மதியம் இரண்டு பனடோவும் கொடுத்தும் வலி நிற்கவில்லை, மேலே புரூஃபன் (ஐபுபுரோஃபன் வலி மாத்திரை) தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

கிராண்ட்பா பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்: ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன். பனடோவும் பாராசிட்டமால்தான். ஆக ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போயிருக்கிறது. ஆஸ்பிரினோடு புரூஃபனும் சேர்ந்தால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரலாம். அதைவிட எனக்குக் கவலை, அம்மா பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அந்த இரண்டோடு புரூஃபன் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பொடியை நிறுத்திவிட்டுப் பனடோ மட்டும் கொடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. இன்றைய கணக்கில் அந்தப் பொடியையும் சேருங்கள். அம்மா ரொம்ப மெலிந்தவர், அல்லது கல்லீரல் கோளாறு உண்டு என்றால் பார்மசிஸ்டிடம் கேட்டு இன்னும் குறையுங்கள். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும்.

அப்புறம், துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், காலைத் தலையணைமேல் தூக்கி வைப்பது. பக்கத்து வீட்டுப் பாட்டி சூடான எண்ணெயோடு நீவ வந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுங்கள், வீக்கம் கூடும்.

நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை, கணு எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் இன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.